வாய்வழி மூச்சு

பறவைக்கு மூக்குத் துவாரத்தையே காணவில்லை.

டார்ச் அடித்துப் பார்த்தேன். நகத்தால் தடவிப் பார்த்தேன். அலகு முழுக்க வழவழவென்று மூடியிருந்தது.

அந்த அலகைச் சுற்றி டேப் ஒட்டி இரண்டு நிமிடம் ஆகியிருந்தது. ஒட்டியது நான்தான்.

புயல் ஓய்ந்த மறுநாள் காலை அது. நெடுஞ்சாலை ஓரத்தில் கிடந்ததாகச் சொல்லி, லாரி டிரைவர் ஒருவர் அட்டைப்பெட்டியை எங்கள் கால்நடை மருத்துவமனை மேசையில் வைத்தார். கடல் அங்கிருந்து நாற்பது கிலோமீட்டர். அவர் முன்கை முழுக்க ரத்தக் கீறல். அலகு ரம்பம் மாதிரி இருக்கிறது, கண்ணைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்று எச்சரித்துவிட்டுப் போனார்.

பதினெட்டு வருஷமாக நாயும் பூனையும் மாடும் பார்க்கிறவன் நான். பறவை என்றால் கிளி, கோழியோடு சரி. முதுகு சாக்லேட் நிறம், வயிறு வெள்ளை, கால் மஞ்சள். ஏதோ கடற்காகம் என்று நானே முடிவுகட்டி, கொத்தாமல் இருக்க அலகைக் கட்டினேன்.

ஸ்டெதஸ்கோப்பில் இதயம் தாறுமாறாக ஓடியது. பயம் என்று நினைத்தேன்.

வாசலில் தரை துடைத்துக்கொண்டிருந்த அக்காதான் துடைப்பதை நிறுத்திவிட்டு, “டாக்டர், அதுக்கு மூச்சு போகல. வாயை அவுத்து விடுங்க” என்றார்.

அப்போதுதான் டார்ச்சை எடுத்தேன்.

நான் கத்தரிக்கோல் தேடுவதற்குள் அவர் வந்து டேப்பை உரித்துவிட்டார். அலகு திறக்கவில்லை. கழுத்து மேசைமேல் துவண்டது. கண் பாதி மூடியது.

அக்கா பறவையின் பாதத்தைப் பிடித்தார். விரல்களுக்கு நடுவே இருந்த தோலை நகத்தில் வைத்து நறுக்கென்று கிள்ளினார்.

நான் அவர் கையைத் தட்டிவிட்டேன். சாகப்போகிற உயிரை ஏன் வதைக்கிறீர்கள் என்று கத்தினேன்.

அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மறுபடி கிள்ளினார். இன்னும் அழுத்தி.

பறவை அலறியது. எண்ணெய் காணாத கதவு மாதிரி ஒரு சத்தம். வாய் பிளந்தது. நெஞ்சு ஏறி இறங்கியது.

மூன்றாவது மூச்சில் அது அக்காவின் விரலைக் கொத்தியது. நல்லா கொத்து, நல்லா கொத்து என்று கொஞ்சிக்கொண்டே ரத்தத்தைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

மதியம், கடற்பறவைகளை ஆராயும் நண்பனுக்குப் படம் அனுப்பினேன். உடனே கூப்பிட்டான். கால்விரலை எண்ணினாயா என்றுதான் முதலில் கேட்டான்.

கடற்காகத்துக்கு முன்விரல் மூன்றுக்கு நடுவே மட்டும்தான் தோல். இதற்குப் பின்விரலையும் சேர்த்து நான்கும் ஒரே தோலில் இணைந்திருந்தன. இது பூபி என்ற வேறொரு கடற்பறவை. பழுப்புப் பூபி. ஒருகாலத்தில் அறிவியலாளர்கள் இதைக் கூழைக்கடாவோடு ஒரே இனவரிசையில் வைத்திருந்தார்களாம். பிறகு பிரித்து நீர்க்காகத்தின் பக்கம் சேர்த்துவிட்டார்களாம். மனிதனைக் கண்டால் பயந்து ஓடாது என்பதால் மாலுமிகள் அதைத் தங்கள் மொழியில் முட்டாள் என்று அழைத்தார்கள், அதுவே பூபி என்று நிலைத்துவிட்டது என்றான்.

இங்கே முட்டாள் யார் என்று எனக்குத்தான் தெரியும்.

மூக்கு அடைத்தே பிறக்கும் பறவை அது. அத்தனை உயரத்திலிருந்து தலைகீழாகக் கடலில் பாய்கிறபோது, திறந்த மூக்கு இருந்தால் தண்ணீர் உள்ளே ஏறிவிடும். அதனால் மூச்செல்லாம் வாய் ஓரமாகத்தான். முகத்தோலுக்கு அடியில் காற்றுப் பைகள், மெத்தை வைத்த மாதிரி. முட்டைக்கு வயிற்றுச் சூடு கிடையாது. பாதத்தைத்தான் போர்த்தி அடைகாக்கும். அந்தத் தோல் முழுக்க ரத்த ஓட்டம் என்றான்.

நான் அக்காவிடம் இதையெல்லாம் சொன்னேன். கட்டுப் போட்ட விரலோடு ஒன்று விடாமல் கேட்டுக்கொண்டார். அந்தப் பாதத்தையா கிள்ளினேன் என்று மட்டும் வருத்தப்பட்டார்.

நான்காம் நாள் இருவருமாகத் துறைமுகத்து அலைத்தடுப்புச் சுவரில் பெட்டியைத் திறந்தோம்.

அது நடந்தது. நின்றது. எங்களை ஒருமுறை பார்த்தது. பிறகு காற்றில் ஏறி, ஒரு வட்டமடித்து, இறக்கையை மடக்கிக்கொண்டு விழுந்தது. தண்ணீர் வெள்ளையாகப் பிளந்தது. நான் மூச்சை அடக்கிக்கொண்டேன்.

மேலே வந்தபோது வாயில் மீன்.

அக்கா கைதட்டினார். அவர் கைதட்டி நான் பார்த்ததில்லை. கிள்ளினால் வாய் திறக்கும் என்று எப்படித் தெரியும் என்று அப்போதுதான் கேட்டேன்.

கடலைப் பார்த்தபடியே சொன்னார். அவர் மகளும் மூக்கு அடைத்துத்தான் பிறந்தாள். உள்ளே எலும்பு மூடியிருந்தது. வாய் திறந்து அழுதால் சிவப்பாள், வாய் மூடி அமைதியானால் நீலமாவாள். சின்ன ஆஸ்பத்திரி. யாருக்கும் புரியவில்லை. பிள்ளையைத் தூங்க வையுங்கள் என்றார்கள். இவர் தூங்க விடவில்லை. பாதத்தைக் கிள்ளிக் கிள்ளி அழவைத்தார். பெற்றவளா, பேயா என்று வார்டே திட்டியது. பிள்ளையைப் பிடுங்கிப் பார்த்தார்கள், இவர் விடவில்லை. பெரிய டாக்டர் வந்து சேரப் பதினான்கு மணி நேரம் ஆனது.

மகள் என்ன ஆனாள் என்று கேட்காமல் காலிப் பெட்டியை மடித்தேன்.

“அடுத்த மாசம் அவளுக்குக் கல்யாணம், டாக்டர்” என்றார் அக்கா. “பாதத்துல ஒரு தழும்பு இருக்கு. செருப்புப் போட்டா அசிங்கமா தெரியுதுன்னு ஒரே புலம்பல். பொறக்கும்போதே இருந்த மச்சம்னு சொல்லி வெச்சிருக்கேன்.”