அட்டையில் வைத்த சந்தனம்

“யாரு இந்த அட்டையை இப்படிப் பாழாக்குனது?”

ஆசிரியை சுபாஸ்ரீயின் குரல் உயர்ந்ததும், உத்தமபாளையத்துக் கடைவீதி மாடியில் இயங்கிய அந்தக் கணினிப் பயிற்சி மையம் கணப்பொழுதில் அடங்கிப்போயிற்று.

2010ஆம் ஆண்டுக் கோடை வகுப்பின் நிறைவு நாள் அது. பிள்ளைகள் செய்த விந்தையைக் காணப் பெற்றோர் திரண்டிருந்தனர்.

விந்தை இதுதான். அட்டையில் கனத்த கறுப்புக் கட்டம் வரைந்து, உள்ளே தனக்கென ஓர் அடையாளம் இட்டு, கேமராவின் முன் நீட்ட வேண்டும். வெறுங்கண்ணுக்கு அட்டை அட்டையாகவே இருக்கும். கணினித் திரையிலோ, அந்தப் பிள்ளை உருவாக்கி வைத்த உருவம் அட்டையின் மேல் எழுந்து நிற்கும்.

ஜோதிகாவின் அட்டைமேல் கன்றுக்குட்டி துள்ளியது. தமிழ்மாறனின் அட்டைமேல் கம்பம் பேருந்து வட்டமடித்தது. கைத்தட்டல் கூரையைத் தொட்டது.

அடுத்து வேல்விழி. பத்து வயதுச் சிறுமி. ஆவலோடு அட்டையை நீட்டினாள். திரையில் அவள் கையும் அட்டையும் மட்டுமே தெரிந்தன.

“நேத்து நல்லா வந்துச்சே டீச்சர்! அப்பா வந்தாகளே!”

அவள் உருவாக்கியிருந்தது தன் தந்தை செல்லப்பாண்டியை. முறுக்கு வியாபாரத்துக்கென்று மராட்டியம் போனவர். இரண்டு தீபாவளி கடந்தும் ஊர் திரும்பவில்லை. வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த படத்தைக் கழற்றி வந்து, ஒரு வாரம் மற்ற பிள்ளைகளோடு விளையாடக்கூடப் போகாமல் முனைந்து, அவரை அட்டைமேல் நிற்க வைத்திருந்தாள் மகள்.

சுபாஸ்ரீ அட்டையை வாங்கிப் பார்த்தாள். கட்டத்தின் நான்கு மூலைகளிலும் சந்தனம், நடுவே குங்குமம். கறுப்பு மறைந்துவிட்டால் கேமரா எதைக் கண்டு உருவத்தை எழுப்பும்? அதைக் கண்டுதான் அவள் குரலை உயர்த்தினாள்.

“நான்தான் நேத்து ராத்திரி வீட்டுல வச்சேன் டீச்சர்.”

பின்வரிசையிலிருந்து எழுந்தாள் பூமாரி, வேல்விழியின் தாய்.

“எதுக்கும்மா வச்ச?” மகளின் குரல் உடைந்தது.

பூமாரி திகைத்தாள். பிறகு சமாளித்துக்கொண்டு, “புதுசா எது வந்தாலும் வைக்கிறதுதானே ஆத்தா? மாமா புது மோட்டார் வாங்குனப்ப வைக்கலயா?” என்றாள்.

“சந்தனம் வச்ச தாயி, அப்படியே ஒரு தேங்காயையும் உடைச்சிருக்கலாம்ல!” என்றார் தமிழ்மாறனின் தந்தை பலவேசம்.

கூடம் குலுங்கிச் சிரித்தது. வேல்விழி மட்டும் அழுதாள்.

“படிக்காட்டி போகுது, பிள்ளைங்க பொருளைத் தொடாமலாவது இருக்கலாமில்ல?” என்று பொரிந்தாள் சுபாஸ்ரீ. “பூசை போடுறதுக்கு இது என்ன சாமி படமா?”

பூமாரி தலைகுனிந்து நின்றாள்.

சுபாஸ்ரீ புதிய அட்டை ஒன்றைக் கொடுத்தாள். கண்ணீரைப் புறங்கையால் துடைத்துக்கொண்டே வேல்விழி அதே கட்டத்தை, அதே அடையாளத்தை வரைந்து நீட்டினாள்.

செல்லப்பாண்டி வந்து நின்றார். வெள்ளைச் சட்டை, பாதிச் சிரிப்பு.

வேல்விழி மற்றொரு கையை அட்டையின் மேல் வெறும் காற்றில் கொண்டுபோனாள். திரையில் அவள் விரல் அப்பாவின் தோளருகே போய் நின்றது.

“அப்பா, இந்தத் தீவாளிக்காவது வந்துருங்கப்பா. போன்ல பேசலாம்னா அங்கன டவர் கிடைக்காதுன்னு அம்மா சொல்லுது.”

சற்றுமுன் சிரித்தவர்கள் கண்களைத் துடைத்துக்கொண்டனர். “எம்மா, இங்கன வந்து பாரும்மா!” என்று வேல்விழி அழைத்தாள்.

பூமாரி நிமிர்ந்து ஒருமுறை திரையைப் பார்த்தாள். அடுத்த கணமே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே நடந்துவிட்டாள்.

மகள் பட்ட பாட்டை நின்று பார்க்கவும் மனமில்லாத தாய் என்று சுபாஸ்ரீயின் உள்ளம் கசந்தது.

எல்லோரும் கலைந்தபின், கணினியை அணைக்கப் போகும் வேளையில் பூமாரி மட்டும் மறுபடி படியேறி வந்தாள்.

“என்னம்மா இப்ப? மன்னிப்புன்னா உங்க மககிட்டப் போய்க் கேளுங்க.”

“அவளை ஜோதிகாகூட ரோஸ்மில்க் குடிக்க அனுப்பிட்டு வந்தேன் டீச்சர். நேத்து அவுகளுக்குத் தலைத்தெவசம்.”

“யாருக்கு?”

“அவ அப்பாவுக்கு.”

சுபாஸ்ரீயின் கை விசைப்பலகை மீதே நின்றுவிட்டது.

“போன வருசமே லாரி மோதி அங்கனயே முடிஞ்சு போச்சு டீச்சர். எந்தம்பிதான் போயி எல்லாஞ் செஞ்சுட்டு வந்தான். ஊருக்கும் சொல்லல, இவளுக்கும் சொல்லல. வர்ற பஸ்ஸையெல்லாம் வாசல்ல நின்னு பாக்குறா. எனக்கு வாய் வரல. சுவத்துப் படத்துக்குச் சந்தனம் வச்சா எதுக்குன்னு கேப்பா. அட்டையில வச்சா யாருக்குத் தெரியப் போகுதுன்னு நினைச்சுட்டேன்.”

சுபாஸ்ரீ நாற்காலியை இழுத்துப் போட்டாள். பூமாரி உட்காரவில்லை, வாசற்பக்கம் திரும்பி, மகள் வருகிறாளா என்று பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

“ஒண்ணு கேக்கவா டீச்சர்? எம்மக பாக்கையில இப்ப இருக்குற மாதிரியே இருக்கட்டும். நான் பாக்கையில மட்டும்... அவுக கழுத்துல ஒரு மாலை போட முடியுமா?”