ஷூட்டிங்குக்கு இடம்

"டைரக்டர்ங்களா? உள்ள வாங்க, உள்ள வாங்க. ஷூட்டிங்குக்கு எடம் பாக்கத்தான வந்தீங்க?"

பெரியம்மாள் போட்ட சத்தத்தில் கட்டுத்தறியில் நின்ற மாடே திரும்பிப் பார்த்தது. 'நான் டைரக்டருங்க, கோபாலபுரம் பெண்கள் ஃபுட்பால் கிளப்புங்க' என்றுதான் ரமேஷ்குமார் சொல்ல வந்தார். முதல் பாதி வாயிலிருந்து வந்ததுமே பெரியம்மாள் முந்திக்கொண்டார்.

ரமேஷ்குமார் பிழைப்புக்கு வைத்திருப்பது மாட்டுத் தீவனக் கடை. கிளப்பைப் பதிவு செய்த படிவத்தில் 'டைரக்டர்' என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் தன் பெயரை எழுதிய நாளோடு மனிதருக்கு ஞாயிற்றுக்கிழமை ஒழிந்தது. கோடு போடச் சுண்ணாம்பு கரைப்பது, பந்துக்குக் காற்றடிப்பது, பதினைந்து பெண்களின் சேறு பிடித்த சட்டைகளை வீட்டு வாஷிங்மெஷினில் போட்டு மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொள்வது, எல்லாம் டைரக்டர் வேலை.

இப்போது வந்திருந்தது பெரிய தலைவலி. அவர்கள் ஆடிக்கொண்டிருந்த இடத்தில் சொந்தக்காரர் தென்னங்கன்று நட்டுவிட்டார். பத்து நாளில் வேறு மைதானம் காட்டாவிட்டால் மாவட்ட லீக்கில் கிளப்பின் பெயரே இருக்காது. ஆறு வருஷப் பாடு அத்தனையும் வீண். பக்கத்து ஊரில் பெரியம்மாள் வீட்டுக்குச் சொந்தமாக ஒரு தரிசு சும்மா கிடக்கிறது என்று சொன்னது கோல்கீப்பர் பெண்தான். தன் பெயரை மட்டும் அங்கே எடுக்க வேண்டாம் என்றாள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எதற்கெல்லாமோ கூச்சம் என்று அவர் விட்டுவிட்டார்.

"ஷூட்டிங்தானுங்களே?" பெரியம்மாள் மறுபடியும் கத்தினார்.

பாவம், காது மந்தம் போலிருக்கிறது. ரமேஷ்குமாரும் குரலை உயர்த்தினார். "ஷூட்டிங்கும் உண்டுங்க அக்கா, பாஸிங்கும் உண்டுங்க."

அதில் பொய் ஒன்றும் இல்லை. கோலைப் பார்த்து உதைத்துப் பழகுவதற்கு ஷூட்டிங் என்றுதான் பெயர்.

உள்ளே கட்டில் கிரீச்சிட்டது. பெரியம்மாளின் கணவர் காளிச்சாமி முகமெல்லாம் பல்லாக வெளியே வந்தார். பொள்ளாச்சிப் பக்கம் எந்தத் தோப்பில் சினிமா எடுத்தாலும் பால் கறப்பதை மறந்துவிட்டுப் போய் நிற்கிறவர் அவர். நாற்பது வருஷமாகக் கேமரா எல்லாம் அடுத்தவர் தோட்டத்துக்கே போவதில் அவருக்குத் தீராத மனக்குறை.

படம் எதைப் பற்றி என்று கேட்டார். ரமேஷ்குமார் வாயைத் திறப்பதற்குள், பந்து விளையாடுகிற பெண்களின் கதையாம் என்று பெரியம்மாளே சொல்லிவிட்டார். பந்து என்ற சொல்லை எப்போது சொன்னோம் என்று ரமேஷ்குமாருக்கு நினைவில்லை.

"ஈரோயின் யாருங்க?" என்றார் காளிச்சாமி.

"எல்லாம் புதுமுகமுங்க."

அன்றைக்கு அவர் சொன்ன ஒரே பொய் அதுதான். அந்த ஒன்றே அவரைத் தூங்கவிடவில்லை. ஏனென்றால் மறுநாளே காளிச்சாமி தன் டிராக்டரை இறக்கிவிட்டார். கேமரா ஆடக் கூடாதாம். தரிசை வீட்டுத் தரை போலச் சமன் செய்தார், முள்ளை வெட்டினார், தண்ணீர் தெளித்தார். உண்மையைச் சொல்லிவிட நான்கு முறை போன ரமேஷ்குமார், நான்கு முறையும் மோர் குடித்துவிட்டுத் திரும்பினார்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் தொடங்கியது. எதிர் அணி பொள்ளாச்சியிலிருந்து வந்திருந்தது. காளிச்சாமி வெள்ளை வேட்டியில், ஒரு கோலுக்குப் பக்கமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஆட்டத்தைப் பதிவு செய்ய லீக்காரர்கள் நிறுத்தியிருந்த செல்போனைப் பார்த்து, கேமரா இப்போதெல்லாம் இத்தனூண்டுதானா என்று வியந்தார்.

அதற்குமேல் ரமேஷ்குமாரால் தாங்க முடியவில்லை. இடைவேளையில் பெரியம்மாளைத் தேடிப் போய், அவர் காதருகே குனிந்து உரக்கச் சொன்னார்.

"அக்கா, மன்னிச்சுக்கோணும். நான் சினிமா டைரக்டர் இல்லீங்க."

"மெதுவாப் பேசுங்க," என்றார் பெரியம்மாள். "எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது. அன்னைக்குக் கத்துனது உள்ள படுத்திருந்த அவரு காதுல உழுகறதுக்குங்க. பொட்டப்புள்ளைங்க பந்து ஆடறதுன்னா அவருக்கு ஆகவே ஆகாது. சினிமான்னு சொன்னா, எது பண்ணுனாலும் நடிப்புன்னு உட்டுருவாரு."

ரமேஷ்குமாருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே ஒரு சந்தேகமும் வந்தது. "எங்க கிளப்புக்காக உங்களுக்கு எதுக்குங்க இத்தன பாடு?"

பெரியம்மாளின் கண் மைதானத்தில் இருந்தது. இரண்டாம் பாதிக்குப் பக்கம் மாறியிருந்தார்கள். கோபாலபுரத்தின் கோல்கீப்பர் இப்போது காளிச்சாமியின் நாற்காலிக்கு எதிரே வந்து நின்றாள். காளிச்சாமி கண்ணுக்கு மேல் கையை வைத்து அவளையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆட்டம் முடிய இரண்டு நிமிஷம். எதிர் அணிக்குப் பெனால்ட்டி. பந்து மூலையைப் பார்த்துச் சீறி வந்தது. அந்தப் பெண் பாய்ந்து விழுந்து, இரண்டு கையாலும் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

நாற்காலி கவிழக் காளிச்சாமி எழுந்தார். துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மைதானம் முழுக்கக் கேட்கிற மாதிரி ரமேஷ்குமாரைக் கூப்பிட்டார்.

"புதுமுகம்னு சொல்லி எம்புள்ள செல்வப்பிரியாவையே போட்டிருக்கீங்களே டைரக்டரே! இன்னொரு டேக்கெல்லாம் வேண்டாமுங்க, ஒரே டேக்குல ஓகே பண்ணிப்போட்டா."