மூடி போட்ட முட்டை

“எங்க குலத்துல முந்நூறு வருஷமா ஒருத்தன்கூட ஆத்து மீனைத் தொட்டதில்ல, டாக்டரம்மா!”

அவர் முதலில் சொன்னது இதுதானா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆய்வகத்தில் நான் அடுத்த மேசையில் இருந்தேன். குலத் தலைவர் மெங் தொக்சு மேசையில் குத்திய குத்தில் என் பார்லித் தேநீர் சிந்தியது. அது மட்டும் நிச்சயம்.

கொரியாவின் நக்டோங் ஆற்றங்கரையில் சாலை போடுவதற்காக ஒரு சமாதியைத் திறந்தபோது, அவருடைய மூதாதையின் உடல் கெடாமல் கிடைத்திருந்தது. தகப்பனை ஆறு கொண்டுபோன துக்கத்தில், ‘இனி நானும் என் வம்சமும் இதன் மீனைத் தின்னமாட்டோம்’ என்று சபதம் செய்த புண்ணியவான் அவர். அந்தக் குடலில் பழங்காலப் புழுக்களின் முட்டை உண்டா என்று பார்ப்பது டாக்டர் ஓக் மிரானின் வேலை.

நாளை மறுநாள் மறு அடக்கம். முதல் கிண்ணம் மது படைக்கும் உரிமை தலைவருக்கு. ஒரு மாதமாக வீட்டில் வெறும் தண்ணீரை ஊற்றி ஒத்திகை பார்த்து வந்தார்.

“இது என்ன?” நுண்ணோக்கியில் கண்ணை வைத்தபடி கேட்டார்.

“முட்டை. மூடி போட்ட ஜாடி மாதிரி இருக்கு பாருங்க. ஈரல் புழுவோடது. ஆத்து மீனைப் பச்சையாத் தின்னாத்தான் வரும். ஆனா ஐயா, இது...”

“குறுக்க பேசாதீங்க!” தலைவரின் காது வரை சிவந்தது. “இவனுக்கா இத்தனை தலைமுறையா விழுந்து விழுந்து கும்பிட்டோம்? திருட்டுப் பய!”

“என்னங்க, பெரியவரைப் போய் இப்படி...” என்றார் கூட வந்திருந்த மனைவி கில்லே. “ஏதோ ஒருநாள் நாக்கு கேட்டிருக்கும். விடுங்க.”

“நாக்கு கேட்டா? குலத்துக்கு ஒரு மானம் வேணாம்?”

“ஐயா, ஒரு நிமிஷம்...”

“நீங்க சும்மா இருங்கம்மா. ஒரு காகிதம் குடுங்க.”

எழுதினார்: ‘குடலில் இந்த முட்டை இருந்தவருக்கு நம் குலச் சடங்கில் இனி இடமில்லை.’ பையிலிருந்து முத்திரைக் கட்டையை எடுத்து, வாயால் ஊதி, சிவப்பு மையில் தோய்த்து, எழுந்து நின்று அழுத்தினார்.

மிரான் நுண்ணோக்கியை அணைத்தார்.

“பெரியவர் குடல் சுத்தமா இருக்கு ஐயா. ஒரு முட்டைகூட இல்ல,” என்றார் மிரான், தரையைப் பார்த்தபடி. “இது, ஒப்பிட்டுப் பார்க்க வம்சத்துல ஒருத்தரோட மலம் வேணும்னு கேட்டப்ப, போன வாரம் நீங்க டப்பாவுல கொண்டுவந்து குடுத்த உங்களோடது.”

பெரியவர் சகல மரியாதையுடன் அடக்கமானார். முதல் கிண்ணத்தைத் தலைவரின் தம்பி படைத்தார். தலைவர் அன்று வீட்டிலேயே இருந்து புழு மாத்திரை விழுங்கினார். கில்லே அம்மாள் மறுவாரம் தனியாக வந்து, கதவைச் சாத்திவிட்டு, தனக்கும் அதே மாத்திரை வேண்டும் என்று கேட்டு வாங்கிப் போனார்.