பட்டன் அக்காவின் ஏவல்கள்

"ஏண்டி, ஸ்டோருக்குப் போய் வெள்ளை பட்டன் ஒரு பாக்கெட் வாங்கிட்டு வா."

சட்டைக் கம்பெனியில் பட்டன் தைக்கும் அக்கா இப்படி ஏவியதும், காலர் தைக்கிறவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இப்போதுதான் உட்கார்ந்திருந்தாள்.

"காலையிலதானே வாங்கிட்டு வந்தேன்?"

"அது நாலு ஓட்டை. எனக்கு ரெண்டு ஓட்டை வேணும்."

"நீங்களே போனா என்னக்கா?"

"எனக்கு முட்டி வலிடி."

முட்டி வலியாம்! காலர் தைக்கிறவளுக்கு முதுகையே கீறித் தைத்திருக்கிறார்கள்.

ஆபரேஷன் ஆகி ஆறு மாதம் நன்றாகத்தான் இருந்தாள். பிறகு பழைய வலி வந்துவிட்டது. இடுப்பில் கிளம்பி, பின்தொடை வழியாகக் கால் கட்டைவிரல் வரைக்கும் சுரீர் சுரீரென்று இழுத்தது.

"மறுபடி கத்தி வேண்டாம். பயிற்சியில பார்ப்போம். ரெண்டு மாசத்துல அடங்கலைன்னா, அட்மிட் ஆகி முதுகுல ஊசி போட்டுக்கணும்" என்றார் டாக்டர்.

அட்மிட் என்றதும் அவளுக்கு மகள் ஞாபகம்தான் வந்தது. போன தடவை ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வீட்டுக்கு வந்தபோது, ரெண்டு வயது மகள் யாரோ என்று பார்த்து, அப்பா காலைக் கட்டிக்கொண்டாள். அந்தப் பார்வையை இன்னொரு தடவை தாங்க முடியாது.

பிசியோதெரபி அம்மா பயிற்சி சொல்லிக் கொடுத்தாள். "ஒரே இடத்துல உட்காராதீங்க, அடிக்கடி எழுந்து நடங்க" என்றும் சொன்னாள். அதைச் சாப்பாட்டு நேரத்தில் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தாள் இவள்.

"நடந்துக்கிட்டே தைக்கணும்னா மெஷினுக்கும் கால் முளைக்கணும்."

காலர் தேங்கினால் பின்னால் இருக்கிற வரிசையே தேங்கும். எல்லோரும் குனிந்து தைக்கும்போது இவள் மட்டும் உலாத்துவதா? வெட்கமாக இருந்தது. தானாக ஒரு நாளும் எழுந்ததில்லை.

ஆனால் பட்டன் அக்கா உட்காரவிட்டால்தானே?

"அந்தக் கத்திரியை வாங்கிட்டு வா." "குழாயில தண்ணி வருதான்னு பாரு." "வாசல்ல மழையா, வெயிலா?"

"வெயில்தான்கா. பத்து நிமிஷத்துல என்ன மாறிடப் போகுது?"

"வாய் பேசற நேரத்துல போயிட்டு வந்திருக்கலாம்."

சட்டைக்குக் கை தைப்பவள் பொறுக்க மாட்டாமல் கேட்டேவிட்டாள். "ஆபரேஷன் ஆன பொண்ணைப் போய்ப் பம்பரமா சுத்த விடுறீங்களே, மனசுல ஈரமே இல்லையா?"

பட்டன் அக்கா காதில் வாங்கவே இல்லை.

ரெண்டு மாதம் முடிந்தது. பிசியோதெரபி அம்மா இவளைப் படுக்க வைத்துக் காலைத் தூக்கிப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் தூக்கினாள்.

"முன்னாடி இதுல பாதிக்கே கத்துனீங்க. ஊசி தேவைப்படாது போலிருக்கே. அடிக்கடி நடந்தீங்களா?"

"வீட்ல பயிற்சி விடாம செஞ்சேங்க" என்றாள் பெருமையாக.

மறுநாள் பட்டன் அக்கா லீவு. அப்பாடா என்று இருந்தது. இன்றைக்காவது நிம்மதியாக உட்காரலாம்.

நாற்பது காலர் தைத்திருப்பாள். சூப்பர்வைசர் வந்து நின்றார்.

"ஏம்மா, ஸ்டோர்ல போய் ஒரு நூல்கண்டு வாங்கிட்டு வா."

"என்ன நிறம் சார்?"

அவர் விழித்தார். "ஏதோ ஒண்ணு."

இத்தனை நாள் அடக்கி வைத்தது மொத்தமும் அவர் தலையில் கொட்டியது. "அந்தம்மாதான் என்னை வேலைக்காரி மாதிரி நடத்துதுன்னா, நீங்களுமா சார்? முதுகுல தையல் போட்டவ சார் நான்!"

சூப்பர்வைசர் கோபப்படவில்லை. தலையைச் சொறிந்துகொண்டார்.

"நான் என்னம்மா பண்ணட்டும்? பட்டன் அக்கா லீவு கேட்க வந்தப்போ என்கிட்ட சொல்லிட்டுப் போச்சு. 'அவ தானா எழுந்து நடக்க மாட்டா சார். அரை மணிக்கு ஒரு தடவை ஏதாவது சொல்லி விரட்டுங்க. திட்டுவா, வாங்கிக்கங்க'ன்னு."