எளிய முறை

ஆறுமுகநயினார் இன்றைக்கும் நேராகத் திவ்யலட்சுமியின் மேஜைக்குத்தான் போனார். சந்தன நிறச் சட்டை, இஸ்திரி மடிப்புக் கலையாமல். குனிந்து மெல்ல எதையோ கேட்டார். அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

எதிர்ப்பக்கத்து மேஜையில் கௌசல்யா பேனாவை மூடினாள்; திறந்தாள்; மறுபடி மூடினாள். போன வாரம்வரை இந்த ஆபீஸில் தன் மேஜைக்கு முன்னால் தவிர வேறெங்கும் இந்த மனுஷன் உட்கார்ந்து அவள் பார்த்ததில்லை.

அரிசி ஏற்றுமதிக்குச் சான்று கொடுக்கும் அலுவலகம் அது. கௌசல்யா அங்கே சூப்பிரண்டு. ஊரின் பெரிய சந்தையான சாலைக் கடைத்தெருவிலிருந்து வளைகுடாவுக்கு அரிசி அனுப்புகிறவர்கள் ஒவ்வொரு லோடுக்கும் மாதிரி அரிசியும் விண்ணப்பமுமாக அவள் முன்னால் வந்து நின்றாக வேண்டும். மற்றவர்கள் வந்த வேகத்தில் வேலையை முடித்துக்கொண்டு போய்விடுவார்கள். ஆறுமுகநயினாருக்கு மட்டும் எப்போதும் ஒரு நடை கூடுதலாகும்.

தலைமுறை தலைமுறையாக அரிசி மண்டி வைத்திருக்கும் குடும்பம். ஆனாலும் 'புழுங்கல்' என்று எழுத வேண்டிய இடத்தில் 'பச்சரிசி' என்று எழுதிக்கொண்டு வருவார். கௌசல்யா சிவப்பு மையால் சுழிப்பாள். "அடடா, கண்ணாடியை மாத்தணும் மேடம்" என்பார்.

மறுநாள் திருத்தி எடுத்து வருவார். அவள் சரிபார்த்துக் கையெழுத்துப் போடும்வரை பேசிக்கொண்டிருப்பார். மனைவி இறந்த பிறகு பழகிப்போன ஹோட்டல் சாம்பார், நாகர்கோவிலில் பெய்த மழை, அவ்வளவுதான். அந்த அவ்வளவே கௌசல்யாவுக்கு வாரம் முழுக்கப் போதுமாக இருந்தது. தம்பிமார் கல்யாணங்களை நடத்திவிட்டு நிமிர்ந்தபோது அவளுடைய முறை தாண்டிப் போயிருந்தது. அதைப் பற்றி அவள் யாரிடமும் பேசியதில்லை, தன்னிடம்கூட.

புதுச் சுற்றறிக்கை வந்ததிலிருந்துதான் எல்லாம் கலைந்தது. வியாபாரிகளின் சுமையைக் குறைக்கிறார்களாம். அவர்களே உறுதிமொழி கொடுத்துக் கம்ப்யூட்டரில் நிரப்பி அனுப்பினால் போதும், யாரும் நேரில் வர வேண்டாம். 'எளிய முறை' என்று அதற்குப் பெயர். சொல்லிக்கொடுப்பதற்கென்றே கழக்கூட்டத்திலிருந்து வந்து சேர்ந்த மலையாளப் பெண் இந்தத் திவ்யலட்சுமி. சின்ன வயசு. சிரித்தால் கன்னத்தில் குழி விழும்.

ஆறுமுகநயினார் போனதும் அவள் எழுந்து கௌசல்யாவிடம் வந்தாள். "நயினார் சார் நல்ல தமாஷ், கேட்டோ சேச்சி."

"ஆபீஸ்ல என்ன அப்படி ஒரு சிரிப்பு? நாலு பேர் வந்துபோற இடம்."

"சேச்சிக்கு அசூயையா?"

"எனக்கா? நல்லாருக்கே கதை! எளிய முறைக்கு ஆள் சேர்க்கற பட்டியலைக் கொண்டா."

அவள் கொண்டுவந்து வைத்தாள். விண்ணப்பத்தில் அடிக்கடி தப்பு செய்கிறவர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. சூப்பிரண்டு சிபாரிசு செய்தால் மட்டும் உண்டு. கௌசல்யாவின் விரல் ஆறுமுகநயினாரின் பெயரில் போய் நின்றது.

"அவருக்குக் கிட்டாது சேச்சி. தப்பு கூடுதலல்லே" என்றாள் திவ்யலட்சுமி.

கிடைக்காவிட்டால் தொடர்ந்து வருவார். வருவார்தான். ஆனால் எந்த மேஜைக்கு? அந்த இஸ்திரிச் சட்டையையும் இந்தக் கன்னக்குழியையும் பார்த்துக்கொண்டே தினம் இங்கே உட்கார்ந்து கோப்பு புரட்ட வேண்டுமா? எனக்கில்லாத பேச்சு இவளுக்கு மட்டும் எதற்கு? அந்த நினைப்பின் அசிங்கம் கௌசல்யாவுக்கே தெரிந்தது. தெரிந்தும் கை நிற்கவில்லை. 'சிபாரிசு செய்கிறேன்' என்று எழுதி, தாள் கிழிகிற மாதிரி அழுத்திக் கையெழுத்துப் போட்டாள்.

"ஐயோ சேச்சி! அவர்ட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

"அவர்ட்ட கேக்க என்ன இருக்கு? சந்தோஷமாப் போகட்டும்."

மறுநாள் அவர் வந்தார். திவ்யலட்சுமியின் பக்கம் திரும்பவில்லை. நேராகக் கௌசல்யாவின் முன்னால் வந்தவர், உட்காராமல் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகம் சுண்டியிருந்தது.

"எனக்குச் சிபாரிசு பண்ணிட்டீங்களாமே மேடம்."

"ஆமா. இனி நீங்க இந்தப் படி ஏறவே வேண்டாம். நிம்மதிதானே?" குரல் நடுங்காமல் வந்ததில் கௌசல்யாவுக்கு ஒரு சின்னப் பெருமை.

அவர் தலைக்கு மேலே சுற்றும் மின்விசிறியை நிமிர்ந்து பார்த்தார். பிறகு குனிந்து குரலைத் தாழ்த்தினார்.

"அந்தப் பிள்ளைகிட்ட ஒரு வாரமா ஒண்ணு கேட்டுக்கிட்டிருக்கேன். சிரிக்குதே தவிர பதில் சொல்ல மாட்டேங்கு. நீங்களாவது சொல்லுங்க."

"என்ன?"

"இந்த எளிய முறை எனக்கு வேண்டாம்னு எழுதிக் கொடுக்கதுக்கு எந்த ஃபாரம் மேடம்?"