கவுன்சிலர் வீட்டு விளக்கு

"கவுன்சிலர் வீட்டு வாசல்லயே கும்மிருட்டாம்! இவரு ஊருக்கு வெளிச்சம் கொண்டாரப் போறாராம்!"

சைக்கிள் கடைக்காரரின் குரலை மூக்கால் இழுத்து அப்படியே இறக்கினாள் ரேடியோ. பத்தாவது படிக்கும் மகளுக்கு வீட்டில் வைத்த பட்டப்பெயர் அது. எந்தக் குரல் காதில் விழுந்தாலும் மறுநிமிஷம் அவள் வாயில் ஒலிபரப்பாகிவிடும்.

சட்டை மாற்ற வந்த அப்பா பாதிப் பொத்தானோடு நின்றார்.

"அந்தாளு அப்படியா சொன்னான்? அப்ப தெருவிளக்கை உடைச்சதும் அவன்தான். தேர்தல்ல என்கிட்ட தோத்த வயித்தெரிச்சல்! பல்பு மாத்த மாத்தக் கல்லை விட்டு அடிக்கிறான்."

"நீங்க பார்த்தீங்களா? பார்க்காம ஒருத்தர் மேல பழி போடாதீங்க" என்றாள் அம்மா.

"நீ சும்மா இரு. உனக்கு அரசியல் தெரியாது."

அப்பாவுக்குச் சொந்தமாக டிரைவிங் ஸ்கூல். பகலெல்லாம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து அடுத்தவர் ஓட்டுவதைப் பார்த்து நடுங்கும் வேலை. கவுன்சிலர் ஆன பிறகு மாலையில் சாக்கடை, குழாய், குப்பை, கூட்டம். வீட்டுக்கு வருவது சட்டை மாற்றத்தான்.

அப்பா போன் பேசுவதையும் ரேடியோ நடித்துக் காட்டுவாள்.

ஊரார் கூப்பிட்டால்: "சொல்லுங்கம்மா... அடடா, தண்ணி வரலியா? கவலைப்படாதீங்க, உங்க பிள்ளை நான் இருக்கேன்ல!"

வீட்டிலிருந்து கூப்பிட்டால்: "ம். என்ன? சீக்கிரம். சரி, வை, வை."

அதைக் கேட்டு அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரிப்பாள்.

இப்போது அப்பாவுக்கு மானப் பிரச்சினை. தேர்தல் மைக்கில் அவர் கொடுத்த வாக்குறுதியே விளக்குதான். அவர் வீட்டு மாடி பால்கனிக்கு நேர் எதிரே நிற்கும் விளக்கே உடைந்து உடைந்து போனால் தெரு சிரிக்காதா?

"இன்னிக்கு நான் எங்கேயும் போகலை. காவல் இருந்து அவனைக் கையும் களவுமா பிடிக்கிறேன்" என்று புது பல்பைப் போட வைத்துவிட்டு, பால்கனிக் கதவோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

அம்மா சமையலை மாடிக்கே கொண்டுவந்துவிட்டாள். மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

"கிளட்ச்சு, கிளட்ச்சு! ஐயோ, அது பிரேக்கும்மா! சாமி, காப்பாத்து!" என்று ரேடியோ அப்பாவை அப்பாவுக்கே போட்டுக் காட்டினாள். அவருக்குப் புரையேறியது. அம்மா அவர் தலையில் தட்டினாள். தட்டிய கையை உடனே எடுக்கவில்லை.

சிரித்து முடித்து மகளை நிமிர்ந்து பார்த்தார் அப்பா.

"ஆமா, நீ எப்ப கண்ணாடி போட்டே?"

"நீங்க ஜெயிச்ச மறுவாரம்."

அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அடுத்தடுத்த நாளும் காவல். ஒரு காக்கா கூட விளக்குப் பக்கம் வரவில்லை. 'பயந்துட்டான்' என்று முடிவு கட்டி அப்பா ஒரு மாலை கூட்டத்துக்குப் போனார். அன்றைக்கே பல்பு தூள்.

"பார்த்தியா! நான் எப்ப நகருவேன்னு காத்துக்கிட்டே இருந்திருக்கான்!"

நேரே சைக்கிள் கடைக்குப் போய்த் தெருவே பார்க்கக் கத்திவிட்டு வந்தார்.

"என் பிள்ளைங்க மேல சத்தியமா நான் இல்லைங்க" என்று அந்த மனிதர் கிரீஸ் கையோடு கும்பிட்டாராம். யாரும் நம்பவில்லை. அதற்கப்புறம் பஞ்சர் ஒட்டக்கூட அவரிடம் ஆள் போகவில்லை.

"பாவங்க அவரு" என்றாள் அம்மா.

"பாவமாம்! உனக்கு ஊர்ல எல்லாரும் பாவம், கட்டின புருஷன் மட்டும் இளக்காரம்."



மறுநாள் அப்பா ஒரு வெல்டரோடு வந்தார். புது பல்பு போட்டு, அதைச் சுற்றி நெருக்கமான இரும்பு வலைக் கூண்டு. எலிக்குட்டி நுழைய இடமில்லை. வேலை முடிந்ததும் தெருவே கூடியது.

"அன்பார்ந்த மக்களே! இனி எந்தக் கொம்பனாலும் இந்த விளக்கைத் தொட முடியாது!"

கைதட்டல். ரேடியோ உதட்டுக்குள்ளேயே ஒத்திகை பார்த்துக்கொண்டாள்.

அப்பா பைக்கை உதைத்தார். அம்மா வாசல்படி வரை வந்தாள்.

"இன்னிக்கு ஒரு நாள் இருந்து சாப்பிட்டுட்டுப் போங்களேன். மாடியிலயே வெச்சிருக்கேன்."

"அதான் விளக்கு சரியாயிடுச்சே! இனிமே இங்கே எனக்கு என்ன வேலை?"

பைக் தெருமுனை திரும்பியது. அம்மா மாடிப்படி ஏறினாள்.

கூட்டம் கலைந்து கொஞ்ச நேரம் கழித்து, "அன்பார்ந்த மக்களே!" என்ற குரலைத் தொண்டையில் தயாராக வைத்துக்கொண்டு, அம்மாவைச் சிரிக்க வைக்க ரேடியோவும் மேலே ஓடினாள்.

பால்கனி விளிம்பில் வயிறு அழுந்த எட்டி நின்று, துணி உலர்த்தும் கம்பை இரண்டு கையாலும் விளக்கை நோக்கி நீட்டியிருந்தாள் அம்மா. கம்பின் முனை வலையில் இடறி இடறி வழுக்கியதே தவிர, உள்ளே நுழையவில்லை.