எதிரணிக்குப் புரியாத பாஷை

"இன்னொரு தடவை அந்த மலைப் பாஷை மைதானத்துல கேட்டுது, டீமையே கலைச்சிடுவேன்!" தலைமையாசிரியை மேஜையைத் தட்டினார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பி.டி. வாத்தியார்னா யார் வேணும்னாலும் ஏறி மிதிக்கலாம் போல.

"மேடம், நம்ம வாலிபால் கேப்டன் மலையிலேர்ந்து வந்த பொண்ணு. வந்த புதுசுல வாயே திறக்க மாட்டா. ஊமைக்கோட்டான்னு எல்லாரும் கேலி பண்ணாங்க. கோர்ட்ல இறங்கினப்புறம்தான் குரலே வந்தது. 'எனக்கு', 'விடு', 'பின்னாடி'ன்னு அவ பாஷையில கத்துவா. மத்த பொண்ணுங்களும் கத்துக்கிட்டாங்க. எதிர் டீமுக்கு ஒண்ணும் புரியாது!"

"கேக்கிறவங்க சிரிப்பாங்க சார். முடியாதுன்னா முடியாது."

என்ன மனுஷியோ! வேறு வழியில்லாமல் பெண்களிடம் விஷயத்தைச் சொல்லிவைத்தேன்.

மறுநாள் ஃபைனல். முதல் வரிசையில் நடுநாயகமாக வந்து உட்கார்ந்துவிட்டார்.

கேப்டன் அவரைப் பார்த்தாள். வாயை இறுக மூடிக்கொண்டாள். அவ்வளவுதான், பழைய ஊமைக்கோட்டான் திரும்பி வந்தாச்சு. குரல் கொடுக்க ஆளில்லாமல் எங்கள் பெண்கள் இரண்டு பேர் ஒரே பந்துக்குப் பாய்ந்து மண்டையை முட்டிக்கொண்டார்கள்.

"கத்தித் தொலையேன்டி!" என்றேன்.

"டீமைக் கலைச்சிடுவாங்க சார்." அவள் கண்ணில் தண்ணீர்.

கடைசி செட். இந்த ஒரு பாயிண்ட் போனால் கோப்பை போச்சு. பந்து கேப்டனின் தலையைத் தாண்டிப் பறந்தது.

"பின்னாடி! பின்னாடி!"

மலைப் பாஷையில்! அதுவும் எங்கள் பெண்கள் மாதிரி அரைகுறையாக இல்லை, அட்சர சுத்தமாக.

கேப்டன் திரும்பிப் பாய்ந்து பந்தை எடுத்துவிட்டாள். நான் திரும்பிப் பார்த்தேன். முதல் வரிசையில் நாற்காலி கவிழ்ந்து கிடந்தது. தலைமையாசிரியை எழுந்து நின்று இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டிருந்தார்.

அதற்கப்புறம் வாயைத் திறந்த கேப்டன் மூடவே இல்லை. ஜெயித்தோம்!

கோப்பையோடு நேரே அவரிடம் ஓடினாள்.

"மிஸ்... நீங்களும் எங்க மலையா?"

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இந்தப் பாஷை பேசினதுக்கு ஸ்கூல்ல நான் வாங்கின அடி கொஞ்சநஞ்சமில்லடி. நீயும் வாங்கக் கூடாதுன்னுதான்..."

"இப்பல்லாம் அடிக்க மாட்டாங்க மிஸ்." கேப்டன் கோப்பையை அவர் கையில் வைத்தாள். "கப்புதான் குடுப்பாங்க!"